விடப்போற மீனை தூக்கிப் புடிச்சு போட்டோ எடுக்கலாமா?

ஒரு தம்பி எழுதியிருக்கார், பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார். நீளமான லெட்டர், முக்கியமானத மட்டும் கீழ தரேன்.

"மேடம், நான் அஞ்சு வருஷமா தூண்டில் போடுறேன். புடிக்கிற எதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல, எல்லாத்தையும் திரும்ப விட்டுடுவேன். போன மாசம் ஒரு பெரிய கெண்டை மாட்டுச்சு, ஒம்போது கிலோ இருக்கும், இருபது நிமிஷம் இழுத்துச்சு. கரைக்கு கொண்டு வந்து ஹூக்க கழட்டிட்டு போட்டோ எடுத்தோம். மச்சான் கை ஈரமா இருந்ததால போன் லாக் தொறக்கல, அப்புறம் என் பையன் நானும் புடிக்கணும்னு அழுதான், அப்புறம் ஒரு வீடியோ. மொத்தம் நாலஞ்சு நிமிஷம் ஆயிருக்கும். தண்ணில விட்டப்ப ஒரு பக்கமா சாஞ்சு கெடந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா உள்ள போயிடுச்சு. பக்கத்துல தூண்டில் போட்டுட்டு இருந்த ஒரு பெரியவர், 'திங்கிறதுக்கு புடிச்சாலாவது ஒரு நியாயம் இருக்கு, நீ போட்டோவுக்காக அத சித்திரவதை பண்ற'னு சொல்லிட்டு போயிட்டார். அன்னிலேர்ந்து மனசே சரியில்ல. நான் பண்றது தப்பா? அந்த மீன் பொழச்சிருக்குமா? போட்டோவே எடுக்கக்கூடாதா, இல்ல இத்தன செகண்ட் வரைக்கும் பரவால்லன்னு ஏதாவது கணக்கு இருக்கா? பழைய போட்டோ எல்லாம் அழிச்சிடவா?"

தம்பி, மொதல்ல அந்தப் பெரியவர் மேல கோவம் வச்சுக்காதீங்க. சொன்ன விதம் காரமா இருந்தாலும் அவர் கேட்டது சரியான கேள்வி. நான் இருபது வருஷத்துக்கு மேல மீனோட ஒடம்பு சம்பந்தமான வேலையிலதான் இருக்கேன், நோய் பாக்குறது, டேக் (அடையாளச் சீட்டு) போட்டு விடுறது, விட்டது பொழைக்குதான்னு கவனிக்கிறது எல்லாம், அதனால சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். போட்டோ எடுக்குறது தப்பில்ல. இருபது நிமிஷம் போராடின மீனை நாலஞ்சு நிமிஷம் வெளிய வச்சு எடுத்தது தப்பு. ஏன் தப்புன்னு மீனோட ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுங்கிறத வச்சு சொன்னாதான் உங்களுக்கு அடுத்த தடவ கைல மீன் இருக்கும்போது ஞாபகம் வரும், அதனால அங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

நெறைய பேர் கேப்பாங்க, காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு, தண்ணில கரைஞ்சிருக்குறது ரொம்ப ரொம்ப கம்மி, அப்போ மீனுக்கு வெளிய வந்தா மூச்சு இன்னும் நல்லாதான விட முடியணும்னு. நியாயமான சந்தேகம்தான். செவுளத் தூக்கி பாத்திருப்பீங்க, செக்கச்செவேல்னு சீப்பு மாதிரி இருக்கும், அந்த சீப்போட ஒவ்வொரு பல்லு மேலயும் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிசா அடுக்கடுக்கா தகடு மாதிரி இருக்கு, அங்கதான் ரத்தம் ஒரு பக்கமும் தண்ணி ஒரு பக்கமும் ஓடி ஆக்சிஜன் உள்ள போகுது. அந்தத் தகடுங்கள பிரிச்சு நிக்க வைக்கிறதே தண்ணிதான். நாம தண்ணிக்குள்ள முங்கும்போது தலமுடி எப்படி பிரிஞ்சு மெதக்குது, மேல வந்ததும் எப்படி கொத்தா ஒட்டிக்குது, அதே மாதிரிதான், மீன் வெளிய வந்ததும் அந்தத் தகடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சுத்தி எவ்வளவு ஆக்சிஜன் இருந்து என்ன, உள்ள போற வாசல் மூடிப்போச்சு. அதவிட மோசம், ஒடம்புல சேந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய போக வழியில்லாம ரத்தத்துலயே தங்கிடுது, இதயத் துடிப்பும் கொறைஞ்சிடுது. நீங்க வீடியோல பாக்குறப்ப வாய தொறந்து தொறந்து மூடுமே, அது மூச்சுக்கு தவிக்கிற தவிப்பு.

இது சும்மா நீந்திட்டு இருந்த மீனுக்கே நடக்குறது. உங்க கைக்கு வர்ற மீன் சும்மா நீந்திட்டு வரல. மீனோட ஒடம்புல பெரும்பகுதி வெள்ளைத் தசை, திடீர்னு பாயுறதுக்கும் தப்பிச்சு ஓடுறதுக்கும் இருக்குற தசை, அது ஆக்சிஜன் இல்லாமலே வேல செய்யும் ஆனா கொஞ்ச நேரத்துக்குதான், அதுக்கப்புறம் லாக்டேட்டும் அமிலமும் சேந்துபோய் ரத்தத்தோட தன்மையே மாறிடும். ரெண்டு மூணு பாய்ச்சல்ல முடியவேண்டிய வேலைய நீங்க இருபது நிமிஷம் செய்ய வச்சிருக்கீங்க. அப்படி களைச்சுப்போன மீன் அந்தக் கடன அடைச்சு பழைய நெலமைக்கு வர பல மணி நேரம் ஆகும், ட்ராவுட் மீன்ல எட்டு பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் போகுது. கரைக்கு வந்து சேர்ற அந்த நிமிஷந்தான் அதுக்கு வாழ்க்கைலயே மூச்சு அதிகமா தேவைப்படுற நிமிஷம், சரியா அந்த நிமிஷத்துல நாம அத வெளிய தூக்கி "இங்க பாரு, சிரி"ன்னு நிக்கிறோம். போட்டோவுல இருக்குற பிரச்சன இதுதான்.

இத அளந்து பாத்த ஒரு ஆராய்ச்சி 1992ல வந்துச்சு, ஃபெர்குசன், டஃப்ட்ஸ்னு ரெண்டு பேர் ரெயின்போ ட்ராவுட்ட வச்சு பண்ணது. மீனை நல்லா வெரட்டி களைப்பாக்கிட்டு அப்படியே தண்ணில விட்டதுல பன்னெண்டு மணி நேரம் கழிச்சு 88 சதவீதம் பொழச்சுது. களைப்பாக்கிட்டு முப்பது செகண்ட் காத்துல வச்சதுல 62 சதவீதம். ஒரு நிமிஷம் வச்சதுல 28 சதவீதம்தான். ஒரே ஒரு நிமிஷம் தம்பி. இந்த நம்பர எல்லா எடத்துலயும் அப்படியே தூக்கி வைக்கக்கூடாது, அதையும் சொல்லணும், ஏன்னா அது லேப்ல செஞ்சது, மீன் எண்ணிக்கை கம்மி, ரத்தம் எடுக்குறதுக்காக ஆபரேஷன் பண்ணி குழாய் வேற சொருகியிருந்தாங்க, அந்த வேதனையும் சேந்துதான் அந்தக் கணக்கு. அதுக்கப்புறம் ஆத்துலயும் ஏரியிலயும் கடல்லயும் நெறைய பேர் பாத்ததுல கொஞ்ச செகண்ட் வெளிய இருந்ததுக்கு இவ்வளவு சாவு வரல, கெண்டை இனமெல்லாம் ட்ராவுட்ட விட நல்லாவே தாங்கும். ஆனா எந்த மீனா இருந்தாலும், எந்தத் தண்ணியா இருந்தாலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப தெரியுது, களைப்பும் சூடும் காத்துல இருக்குற நேரமும் மூணும் சேந்தா ஒண்ண ஒண்ணு பெருக்கும்.

சூடுன்னு சொன்னேன்ல, அத நம்மாளுங்க யாரும் கணக்குலயே எடுத்துக்கிறதில்ல. 15 டிகிரி தண்ணில ஒரு லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைஞ்சிருக்கும், 30 டிகிரின்னா ஏழரைதான். தண்ணி சூடாக ஆக ஆக்சிஜன் கொறையுது, அதே சமயம் மீனோட ஒடம்புக்கு தேவப்படுற ஆக்சிஜன் கூடுது. அதனால காலைல ஆறு மணிக்கு புடிச்ச மீனும் உச்சி வெயில்ல புடிச்ச மீனும் ஒரே மீனா இருந்தாலும் ஒரே கேஸ் கிடையாது.

செகண்ட் கணக்கு கேட்டீங்க. 2015ல இது சம்பந்தமா வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்துப் பாத்த ஒரு குழு, பத்து செகண்டுக்குள்ள வச்சுக்கோங்கன்னு சொன்னாங்க, நானும் அதத்தான் சொல்லித்தரேன். ஆனா பத்து செகண்ட்ங்கிறத "பத்து செகண்ட் வரைக்கும் உரிமை இருக்கு"ன்னு எடுத்துக்காதீங்க, அது தாண்டக்கூடாத கோடு, அவ்வளவுதான். அதுவும் மொத்தமா. அஞ்சு அஞ்சு செகண்டா பதினஞ்சு தடவ தூக்கி எறக்குறவங்கள பாத்திருக்கேன். மீன தூக்கும்போது நீங்களும் மூச்ச புடிச்சுக்கோங்க, உங்களுக்கு முட்டும்போது விட்டுடுங்கன்னு ஒரு அட்வைஸ் சுத்துது, நல்ல எண்ணத்துல சொல்றதுதான் ஆனா எனக்கு அதுல திருப்தி இல்ல, நீங்க ஒக்காந்து பொறுமையா தூண்டில் போட்டவர், மூச்ச ஒரு நிமிஷம் புடிப்பீங்க, மீன் ஓடி களைச்சு வந்தது, ரெண்டு பேரோட ஒரு நிமிஷமும் ஒண்ணில்ல.

இப்போ நீங்க கேட்டதுலயே எனக்கு பதில் சொல்ல கஷ்டமா இருக்குற கேள்வி. அந்த மீன் பொழச்சிருக்குமா. கெண்டைங்கிறது அதுக்கு ஒரு சாதகம். ஆனா ஒரு பக்கமா சாஞ்சு கெடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதுதான் எனக்கு ஒறுத்துது. மீன் தன்ன நிமித்தி வச்சுக்க முடியாம சாயுதுன்னா நரம்பு மண்டலம் வரைக்கும் அடி எறங்கியிருச்சுன்னு அர்த்தம். போன்ஃபிஷ்னு ஒரு கடல் மீன், அத புடிச்சு விட்டு பின்னாடியே போய் பாத்த ஆராய்ச்சில, விடும்போது இப்படி நெலகுலைஞ்சு போன மீனுங்க மத்தத விட ஆறு மடங்குக்கு மேல வேற மீனுக்கு எரையாச்சு. அதாவது மீன் மூச்சு முட்டி சாகலன்னாலும் சுதாரிக்கிறதுக்குள்ள வேற ஒண்ணு வந்து முடிச்சிடுது. உங்க ஏரியில அவ்வளவு பெரிய கெண்டைய முழுங்குற மீன் இருக்காதுன்னு வச்சாலும், அடுத்த நாள் ரெண்டு நாள் கழிச்சு நோய் புடிக்கிறது இருக்கு. நல்லா இருக்க வாய்ப்பு இருக்கு, ஆனா "நீந்திப் போயிடுச்சு, அதனால பொழச்சிடுச்சு"ன்னு மட்டும் மனச தேத்திக்காதீங்க.

இத நான் புத்தகத்துல படிச்சு சொல்லல. வேலைக்கு சேந்த புதுசுல டேக் போடுற வேலை, வலக்கூண்டுல மீன விட்டு ஒரு நாள் கவனிச்சிட்டுதான் தெறந்து விடுவோம். அன்னிக்கி ஒரு பெரிய மீன் வந்துச்சு, அளவெடுத்து டேக் போட்டாச்சு, எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுப்போம்னு நாந்தான் தூக்கி நெஞ்சோட அணைச்சு நின்னேன், யாரோ கண்ண மூடிட்டாங்கன்னு இன்னொண்ணு, வெளிச்சம் சரியில்லன்னு திரும்பி நின்னு இன்னொண்ணு. கூண்டுல விட்டதும் வால அடிச்சிட்டு சர்ருன்னு உள்ள போச்சு, எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலைல கூண்டோட அடில கெடந்துச்சு. அன்னிக்கி புடிச்ச மத்த மீனெல்லாம் அதே கூண்டுல நல்லா சுத்திட்டு இருந்துச்சுங்க. அந்தக் கூண்டு மட்டும் இல்லன்னா நானும் இன்னிக்கி வரைக்கும் அது சர்ருன்னு போனதத்தான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்திருப்பேன். தூண்டில் போடுறவங்களுக்கு அந்தக் கூண்டு கெடயாது, அதனாலதான் இத்தன வருஷமா இந்த விஷயம் யாருக்கும் உறைக்காம போயிட்டு இருக்கு.

மூச்சு மட்டும் இல்ல. தண்ணிக்குள்ள மீனுக்கு எடையே தெரியாது, தண்ணி தாங்கிக்கும். வெளிய எடுத்து தாடைய புடிச்சு செங்குத்தா தொங்கவிட்டா அந்த ஒம்போது கிலோவும் தாடை மூட்டுலயும் முதுகெலும்புலயும் எறங்குது, வயித்துக்குள்ள இருக்குறதெல்லாம் கீழ சரியுது. லிப் கிரிப்பர்னு விக்கிறாங்களே, வாய கவ்விப் புடிக்கிற கருவி, அதே போன்ஃபிஷ்ல அத சோதிச்சு பாத்தப்ப தண்ணிக்குள்ள வச்சு புடிச்சதுல 80 சதவீதத்துக்கும், தூக்கிப் புடிச்சதுல அத்தனைக்கும் வாயில காயம். ஹூக்க கழட்டுறதுக்கு தண்ணிக்குள்ளயே வச்சு ஒரு செகண்ட் புடிக்க அது உதவும், தொங்கவிட்டு எட பாக்க கண்டிப்பா வேணாம். செவுளுக்குள்ள வெரல விட்டு தூக்குறது அதவிட மோசம், மேல சொன்னேனே அந்த மெல்லிசு தகடு, அதுலதான் உங்க வெரல் இருக்கு.

அப்புறம் அந்த வழவழப்பு. கையெல்லாம் கொழகொழன்னு ஆவுதுன்னு மொகம் சுளிப்போம், துணிய வச்சு புடிப்போம். மீனுக்கு அதுதான் கவசம், கிருமி உள்ள போகாம தடுக்குறது, ஒடம்போட உப்பு தண்ணி சமநிலைய காக்குறது. காஞ்ச கை, காஞ்ச துண்டு, வெயில்ல சுட்ட கல்லு, மணல், படகோட தரை, எது பட்டாலும் அந்த எடத்துல அது உரிஞ்சு வந்துடும், சில நாள் கழிச்சு அதே எடத்துல பஞ்சு மாதிரி வெள்ளையா பூஞ்சை புடிக்கும். கை அடையாளம் அப்படியே பூஞ்சையா மாறின மீனை நான் பாத்திருக்கேன், நாலு வெரலும் தெளிவா தெரியும்.

சரி, எடுக்கணும்னா எப்படி எடுக்குறது. போட்டோ வேணுமா வேணாமாங்கிறத மீன் மாட்டுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, மாட்டினப்புறம் யோசிச்சா ஆச ஜெயிச்சிடும். போன் லாக் தொறந்து கேமரா ஆன்ல மச்சான் கைல இருக்கணும், அவர் தண்ணில கை வைக்கக்கூடாது, எந்தப் பக்கம் வெளிச்சம்னு முன்னாடியே பாத்து வச்சிருக்கணும். ராடும் தூண்டில் நரம்பும் மீனோட சைஸுக்கு தோதான பலத்துல இருக்கட்டும், மெல்லிசு நரம்புல பெரிய மீன இழுக்குறது நமக்கு த்ரில், மீனுக்கு இருபது நிமிஷப் போராட்டம். ஹூக்ல பார்ப், அதாவது முனைக்கு பக்கத்துல பின்னாடி திரும்பி நிக்கிற சின்ன முள்ளு, இருந்தா ப்ளையர வச்சு அமுக்கிடுங்க, கழட்டுற நேரம் கொறையும். முடிச்சு இல்லாத ரப்பர் வலை வாங்குங்க, நைலான் முடிச்சு வலை செதிலையும் துடுப்பையும் கிழிக்குது. மீன் வலைக்குள்ள வந்ததும் வலைய தண்ணியிலயே வச்சு அங்கயே ஹூக்க கழட்டுங்க, கழட்டினதும் ஒரு நிமிஷம் அங்கயே சும்மா விடுங்க, அது செவுள் அசைச்சு மூச்சு விடட்டும். அப்புறம் கை ரெண்டையும் நனைச்சுக்கிட்டு ஒரு கை வயித்துக்கு கீழ, ஒரு கை வாலுக்கு முன்னாடி, தண்ணி மேல நாலு வெரக்கட தூக்குங்க, மச்சான் விடாம பட்டன அமுக்கிட்டே இருக்கட்டும், ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி எறக்கிடுங்க. நின்னுட்டு தூக்காதீங்க, முட்டி போட்டு தண்ணியிலயே இருங்க, துள்ளி விழுந்தாலும் தண்ணியிலதான் விழும். நல்ல போட்டோ வரலன்னா வரல, ரெண்டாவது தடவ கெடயாது. ஒரு போட்டோவ பாத்ததும் எனக்கு கண்ணு மொதல்ல போறது மீன்லேர்ந்து தண்ணி சொட்டுதான்னுதான், சொட்டிட்டு இருந்தா இப்பதான் எடுத்திருக்காங்க, காஞ்சு போயிருந்தா என்ன நடந்திருக்கும்னு தெரிஞ்சுடும்.

இதவிட நல்லது தூக்காமலே எடுக்குறது. பாதி தண்ணில பாதி வெளிய, செவுள் மட்டும் முழுசா உள்ள இருக்குற மாதிரி, மேலேர்ந்து எடுத்தா செதிலோட நெறம் தண்ணிக்குள்ள மின்னுற மாதிரி வேற எதுலயும் வராது. சின்ன வாட்டர்ப்ரூஃப் கேமரா இருந்தா உள்ள விட்டு மீன் ஓடிப்போற நொடிய எடுங்க. நீளம் தெரியணும்னா ராட்லயே டேப்ல கோடு போட்டு வச்சுக்கிட்டு பக்கத்துல வச்சு பாருங்க, எட தெரிஞ்சே ஆகணும்னு என்ன அவசியம்.

கரையிலதான் ஹூக்க கழட்ட முடியும்ங்கிற எடமா இருந்தா நனைச்ச மெத்த மாதிரி ஒண்ணு, அன்ஹூக்கிங் மேட்னு சொல்றது, அதுல படுக்க வச்சு ஈரத்த ஊத்திட்டே வேலய முடிங்க, வெறும் தரையில வேணாம்.

சில நேரம் தூக்கவே கூடாது. தண்ணி சூடா இருக்குறப்ப, ரொம்ப நேரம் போராடினப்ப, செவுள்லேர்ந்து ரத்தம் வர்றப்ப, வயிறு நெறைய முட்டையோட இருக்குறப்ப, உங்க ரெண்டு கையால தாங்க முடியாத சைஸா இருந்தா. வலைக்குள்ள இருக்கும்போதே ஒண்ணு பாத்துக்கலாம், வால லேசா புடிச்சுப் பாருங்க, வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு ஓடப்பாத்தா தெம்பு இருக்கு, பேசாம கெடந்தா போட்டோவ மறந்துட்டு உடனே விட வேண்டியதுதான். பொரட்டிப் பாத்தா தானா நிமிரணும், அதுவும் அதே மாதிரிதான். விடும்போது தல ஓட்டத்த பாத்து இருக்கட்டும், முன்னயும் பின்னயும் ஆட்டாதீங்க, பின்னாடி இழுக்கும்போது செவுள்ல தண்ணி தப்பா போகும். தெம்பா இருக்குற மீனுக்கு கைல புடிச்சு வச்சு ரிவைவ் பண்ற சடங்கே தேவையில்ல, கைய விட்டா போதும்.

விரால் புடிக்கிறவங்க இத படிச்சிட்டு "அதுக்குதான் காத்துல மூச்சு விட வருமே"ன்னு சொல்லுவீங்க. வரும், தலைக்குள்ள அதுக்குன்னு தனி அறையே இருக்கு, மேல வந்து காத்த இழுத்துக்கலன்னாதான் அது செத்துப்போகும், அதனால செகண்ட் கணக்கு அதுக்கு அவ்வளவு கறாரா பொருந்தாது. ஆனா விரால்ல வேற ஒண்ணு இருக்கு. தாயும் தகப்பனும் செவப்பா கொத்தா திரியுற குஞ்சுக் கூட்டத்த காவல் காத்துக்கிட்டு சுத்தும், அந்தக் கூட்டத்துக்கு பக்கத்துல தூண்டிய போட்டா காவல் காக்குற மீன் கோவத்துல பாஞ்சு கடிக்கும், அது பசியில கடிக்கிறதில்ல. நீங்க கரையில நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்குற அந்த அஞ்சு நிமிஷம் குஞ்சுங்களுக்கு காவல் இல்ல, பக்கத்துல சுத்துற மத்த மீனுக்கு அது போதும். பாஸ் மீன்ல இத நல்லாவே பாத்திருக்காங்க, கூட்ட காக்குற ஆண் மீன கொஞ்ச நேரம் தூக்கிட்டாலே முட்டையும் குஞ்சும் காலியாக ஆரம்பிச்சிடுது, களைச்சுப்போன ஆண் சில சமயம் கூட்டுக்கே திரும்புறதில்ல. குஞ்சோட இருக்குற விரால போட்டோவுக்குன்னு இல்ல, எதுக்குமே தொடாதீங்கன்னுதான் நான் கேட்டுப்பேன்.

இப்போ பெரியவர் சொன்னதுக்கு வரேன். திங்கிறதுக்கு புடிச்சா நியாயம், விடுறதுக்கு புடிச்சா சித்திரவதைங்கிறது ஒலகத்துல பல பேரோட நெலப்பாடு, சுவிட்சர்லாந்துல விட்டுடணும்ங்கிற எண்ணத்தோடவே மீன் புடிக்கிறத சட்டமே அனுமதிக்கல. வேற எடங்கள்ல புடிச்சு விடலாம் ஆனா தூக்காதீங்கன்னு சட்டம் இருக்கு, அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஆத்துல புடிச்சு விட்டாக வேண்டிய சால்மன், ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்ட்டு ஆத்துக்கு திரும்புற ரெயின்போ ட்ராவுட்) மீனுங்கள தண்ணிய விட்டு முழுசா வெளிய எடுக்கக்கூடாது, ஃப்ளோரிடாவுல 40 இஞ்சுக்கு மேல இருக்குற டார்பன் மீன் தண்ணியிலயே இருக்கணும். மீனுக்கு வலி தெரியுமாங்கிற வாதமும் ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, 2003ல லின் ஸ்னெடன்னு ஒரு விஞ்ஞானி ட்ராவுட்டோட மூஞ்சில வலிய உணர்ற நரம்பு முனைங்க இருக்குன்னு காட்டினாங்க, அத நாம உணர்ற வலியோட ஒப்பிடலாமான்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க. என்னோட வேலையில நான் அந்த வாதம் முடியட்டும்னு காத்திருக்கல, வலிக்கும்னு வச்சுக்கிட்டுதான் மீன தொடுறேன்.

என் அபிப்ராயம் இது. நீங்க "விட்டுடுவேன்"னு முடிவு பண்ணப்பவே ஒரு வாக்கு குடுத்திருக்கீங்க, வெறும் தண்ணில போடுறது அந்த வாக்குல சேராது, அது மறுநாளும் மேயணும், அடுத்த சீசன்ல முட்ட போடணும், அதுக்கு தோதா விடுறதுதான் விடுறது. நாலஞ்சு நிமிஷம் வெளிய வச்சிட்டு விட்டா அந்த வாக்குல பாதிதான் நிறைவேறியிருக்கு. அதனால பெரியவர் சொன்னதுல ஒரு பாதிய நான் ஒத்துக்கிறேன், ஹூக்க ஆழமா முழுங்கி செவுள் கிழிஞ்சு ரத்தம் கொட்டுற மீனை, புடிக்க அனுமதி உள்ள மீனா இருந்தா, போட்டோ எடுத்துட்டு தண்ணில போடுறத விட ஒடனே ஒரு அடியில கொன்னு சாப்பாட்டுக்கு எடுத்துட்டுப் போறது நேர்மையானது. மறு பாதிய ஒத்துக்கல, பொறுமையா கவனமா விட்ட மீனுங்க பெரும்பாலும் பொழைக்குதுங்க, அதுக்கான அத்தாட்சி நெறையவே இருக்கு, நல்லா விடத் தெரிஞ்ச கைய சித்திரவதைன்னு சொல்ல மாட்டேன்.

பையன் விஷயம். அவன் அழுதான்னு எழுதினத படிக்கும்போது எனக்கு உங்க மேல கோவமே வரல, நானா இருந்தாலும் குடுத்திருப்பேன் போல. சின்ன கைக்கு அவ்வளவு பெரிய மீன் தாங்காது, கீழ விழும், கல்லுல அடிபடும். அடுத்த தடவ அவன முட்டியளவு தண்ணில உங்க பக்கத்துல எறக்குங்க, கைய நனைக்கச் சொல்லுங்க, வலைக்குள்ள இருக்குற மீனோட முதுக தடவட்டும், வால் பக்கம் புடிச்சு அவனே விடட்டும். அது கைய விட்டு நழுவுற நொடியில அவன் மூஞ்சிய எடுங்க. செகண்ட் எண்ணுற வேலையையும் அவன்கிட்டயே குடுங்க, சத்தமா எண்ணச் சொல்லுங்க, பசங்க அந்த மாதிரி வேலையில ரொம்ப கறாரா இருப்பாங்க, மூணுக்கு மேல ஒரு செகண்ட் ஆனாலும் கத்துவாங்க.

பழைய போட்டோவ அழிக்கச் சொல்ல மாட்டேன், அந்தக் கெண்டை உங்க வாழ்க்கைல வந்துட்டு போயிருக்கு, அத வச்சுக்கோங்க. ஆனா நெட்ல போட்டு வச்சிருக்குறதுல கரையில காஞ்ச மண்ணுல கெடக்குற மாதிரி, தாடைய புடிச்சு தொங்குற மாதிரி இருக்குறத எடுத்துடுங்க, புதுசா தூண்டில் வாங்குற பசங்க யாரும் புத்தகம் படிச்சு கத்துக்கிறதில்ல, உங்கள மாதிரி ஆளுங்க மீன எப்படி புடிச்சிருக்காங்கன்னு போட்டோல பாத்துதான் கத்துக்கிறாங்க. மச்சானுக்கும் இத படிச்சு காட்டுங்க, முக்கியமா அந்த போன் லாக் விஷயத்த.